இரண்டு எண்கள் இடம் மாறினால்

சரக்கு அனுப்பும் அலுவலகங்களில் எண்கள்தான் சோறு போடுகின்றன. கொள்கலன் எண், அதைப் பூட்டும் முத்திரையின் எண், எடை, கன அளவு, சுங்கக் குறியீடு, கப்பலின் பயண எண், விலைச்சீட்டு எண் என்று ஒரே ஓர் ஏற்றுமதிக்கே தாள் நிறைய எண்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இவற்றோடுதான் என் பகல்பொழுது கழிகிறது.

அவற்றுள் எனக்குப் பிடித்தது கொள்கலன் எண். துவாஸ் பக்கம் லாரிகளின் முதுகில் போகும் கொள்கலன்களைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றின் கதவிலும் நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் இருக்கும். கடைசி இலக்கத்தை மட்டும் ஒரு சிறு கட்டத்துக்குள் போட்டிருப்பார்கள். அது கொள்கலனின் பெயரில் சேர்த்தி இல்லை. முன்னால் உள்ள எழுத்துகளையும் இலக்கங்களையும் வைத்துக் கணக்குப் போட்டால் கிடைக்கும் விடை அது. நடுவில் ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டிவிட்டால் கணக்கு உதைக்கும். கணினி நம்மை நிறுத்தி, இன்னொரு முறை பார்க்கச் சொல்லும்.

நம் அடையாள அட்டை எண்ணின் கடைசி எழுத்தும் அப்படித்தான் வருகிறது, முன்னால் உள்ள இலக்கங்களிலிருந்து. கடன்பற்று அட்டையின் கடைசி இலக்கமும் அதே வேலையைத்தான் செய்கிறது. இவற்றை வடிவமைத்தவர்கள், “கவனமாகத் தட்டச்சு செய்யவும்” என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. மனிதர்கள் தவறு செய்வார்கள், தினமும் செய்வார்கள் என்று எடுத்துக்கொண்டு, அதற்கென்றே ஓர் இடத்தை ஒதுக்கிவைத்தார்கள்.

எடைக்கு அப்படி ஓர் இலக்கம் கிடையாது. 21,640 கிலோவை 12,640 என்று தட்டினால் கணினிக்கு இரண்டும் ஒன்றுதான்.

என் அக்கா மகள் தட்டியது அதைத்தான்.

அவள் வேறொரு நிறுவனத்தில் இதே ஏற்றுமதி ஆவண வேலையைப் பார்க்கிறாள். சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. போன ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி வாக்கில் என்னைக் கூப்பிட்டாள். குரலைக் கேட்டதும் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதான் நினைத்தேன்.

“சித்தி, திங்கட்கிழமை நான் ராஜினாமா கடிதம் கொடுத்துடப் போறேன்.”

என்ன ஆயிற்று என்று கேட்டு வாங்குவதற்கே கால் மணி நேரம் பிடித்தது. கிடங்கிலிருந்து எடைச்சீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பார்த்துப் படிவத்தில் தட்டும்போது முதல் இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிட்டன. மாலை ஆறரைக்குக் கப்பல் நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டாள். ரயிலில் வீட்டுக்குப் போகும்போது ஏதோ உறுத்த, கைப்பேசியில் படத்தை எடுத்துப் பார்த்திருக்கிறாள். ஏழு மணிக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“கப்பல் எப்போம்மா?”

“ஞாயிறு ராத்திரி.”

“உங்க சூப்பர்வைசர்கிட்ட சொன்னியா?”

பதில் இல்லை. பிறகு மெதுவாக, “சும்மா விட்டுட்டாகூட கப்பல் போயிடும் சித்தி. யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க” என்றாள்.

ராஜினாமா என்று தொடங்கியவள் ஐந்து நிமிடத்தில் இங்கே வந்து நின்றாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. இரண்டும் எதிரெதிர்ப் பேச்சு மாதிரித் தெரிகிறது. தவறு மலையளவு பெரிது, என் வாழ்க்கை முடிந்தது என்பது ஒன்று. தவறே இல்லை, யாருக்கும் தெரியாது என்பது இன்னொன்று. ஆனால் இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. இரண்டிலும் அவள் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பார்க்கவில்லை.

பெட்டியைப் பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? 9 டன் வித்தியாசம். கனமான ஒரு பெட்டியை இலேசானது என்று நம்பி மேலடுக்கில் வைத்துவிடுவார்கள். அது சின்ன விஷயமில்லை. 2016 ஜூலை 1 முதல், கொள்கலனை நிறுத்தோ, உள்ளே போகும் சரக்கையும் பலகைகளையும் நிறுத்துக் காலிப் பெட்டியின் எடையைக் கூட்டியோ, சரிபார்த்த எடையைச் சொல்லாமல் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது அனைத்துலக விதி. அந்த விதி வருவதற்கு முன்னால் கடலில் சிலவற்றைப் பார்த்துவிட்டார்கள்.

2007 ஜனவரி 18ஆம் தேதி ‘எம்எஸ்சி நாப்போலி’ என்ற கொள்கலன் கப்பல் ஆங்கிலக் கால்வாயில் புயலில் சிக்கி, அதன் உடற்பகுதி விரிசல் விட்டது. கப்பலில் இருந்த 26 பேரும் உயிர்காப்புப் படகில் இறங்கித் தப்பினார்கள். கப்பலை இங்கிலாந்தின் தென்கரையில் தரைதட்ட வைத்தார்கள். (கரையொதுங்கிய பெட்டிகளில் பிஎம்டபிள்யூ மோட்டார்சைக்கிள்கள் இருந்தன. ஊர்க்காரர்கள் உருட்டிக்கொண்டு போனதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். எங்கள் அலுவலகத்தில் அந்தக் கப்பலைப் பற்றி இன்றைக்கும் நினைவிருப்பது பலருக்கு அது மட்டும்தான்.) பிறகு விசாரணை அதிகாரிகள், மேல்தளத்தில் நனையாமல் இருந்த சுமார் 660 பெட்டிகளை நிறுத்துப் பார்த்தார்கள். 137 பெட்டிகளின் எடை, காகிதத்தில் சொன்னதைவிட 3 டன்னுக்கு மேல் மாறுபட்டிருந்தது. அதாவது ஐந்தில் ஒன்று. ஒரு பெட்டியில் வித்தியாசம் 20 டன்.

கப்பல் உடைந்ததற்கு அந்த 137 பெட்டிகள்தான் காரணம் என்று விசாரணை சொல்லவில்லை. இயந்திர அறைப் பகுதியில் உடற்கட்டு போதிய வலுவோடு இல்லை என்பதைத்தான் முதன்மையாகச் சொன்னது. எடை வித்தியாசம், இருந்த கொஞ்சநஞ்சப் பாதுகாப்பு இடைவெளியையும் குறைத்திருக்கும். எந்த ஒரு குமாஸ்தாவும் அந்தக் கப்பலை உடைக்கவில்லை. ஆனால் எத்தனையோ மேசைகளில் எத்தனையோ பேர் ‘இது ஒன்றுதானே’ என்று விட்டிருக்கிறார்கள்.

அன்றிரவு இவ்வளவையும் நான் அவளிடம் சொல்லவில்லை. ஒரு தாளை எடுக்கச் சொன்னேன். எந்தப் பெட்டி, தட்டியது என்ன, சரியான எடை என்ன, இப்போது யார் என்ன செய்ய வேண்டும். நான்கே வரிகள். மன்னிப்பை ஐந்தாவது வரியில் வைத்துக்கொள் என்றேன். இளையவர்கள் அனுப்பும் இத்தகைய மின்னஞ்சல்கள் எனக்கும் வருகின்றன. முதல் மூன்று பத்தி மன்னிப்பு, வருத்தம், தூக்கமின்மை. பெட்டி எண் கடைசிப் பத்தியில் எங்கோ ஒளிந்திருக்கும். நள்ளிரவில் கப்பல் நிறுவனத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வேண்டியது பெட்டி எண்தான்.

சூப்பர்வைசருக்கு அவள் தொலைபேசியில் சொன்னாள். அவர் இரண்டு கேள்விதான் கேட்டார். “திருத்தம் அனுப்பிவிட்டாயா? படத்தை இணைத்தாயா?” பிறகு, “சரி, போய்த் தூங்கு.” நள்ளிரவு தாண்டி, எடையை மாற்றிவிட்டதாகக் கப்பல் நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. திருத்தக் கட்டணம், தேக்காவில் நான்கு பேர் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடும் செலவைவிடக் குறைவு.

திங்கட்கிழமை மேலாளர் கூப்பிட்டுத் திட்டினார். அதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாரும் தட்டிக்கொடுத்தார்கள் என்று எழுதினால் அது கதை. ஆனால் திட்டிமுடித்த பிறகு, ஒரு நாளைக்கு எத்தனை எடைச்சீட்டு இப்படி வாட்ஸ்அப்பில் வருகிறது என்று கேட்டிருக்கிறார். நாற்பதுக்கு மேல் என்று சொல்லியிருக்கிறாள். இப்போது அங்கே கிடங்கே நேராகப் படிவத்தில் எடையைப் பதிகிறது. இவர்கள் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சரியென்று ஒப்புதல் கொடுக்கிறார்கள்.

அந்த ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில் என்னம்மா செய்துகொண்டிருந்தாய் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். மனத்துக்குள்ளேயே வேலை போயிருக்கிறது. வேலை போனதால் வீட்டுக்கடன் கிடைக்கவில்லை, பிடிஓ வீடு கைநழுவிவிட்டது. வீடு இல்லாததால் கல்யாணம் தள்ளிப்போயிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வது என்ற கட்டத்தில்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். மூன்று மணி நேரத்தில் இரண்டு இலக்கங்கள் ஒரு கல்யாணத்தையே நிறுத்திவிட்டன.

சிரிக்கலாம். அவளும் இப்போது சிரிக்கிறாள். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தை நம் ஊரே ஒருமுறை விலை கொடுத்து வாங்கியிருக்கிறது.

2018இல் சிங்ஹெல்த் கணினிக் கட்டமைப்பில் ஊடுருவி, 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்களைத் திருடினார்களே, அது நினைவிருக்கும். அவர்களில் சுமார் 160,000 பேருக்குக் கொடுத்த மருந்துகளின் விவரமும் போனது. அப்போதைய பிரதமரின் விவரமும் அதில் இருந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் விசாரணைக் குழுவின் அறிக்கை வெளியானது. ஊடுருவியவர்கள் திறமைசாலிகள், பொறுமைசாலிகள் என்று அறிக்கை சொன்னது. அதில் யாருக்கும் ஐயமில்லை. நான் அப்போது அந்த விசாரணைச் செய்திகளை வரி விடாமல் படித்தவள். என்னை உலுக்கியது தொழில்நுட்பம் இல்லை.

ஜூன் மாதத்திலேயே கணினிப் பிரிவில் சிலருக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்திருந்தது. ஜூலை 4ஆம் தேதி தரவுத்தளத்தில் வழக்கத்துக்கு மாறான தேடல்கள் ஓடுவதை ஓர் ஊழியர் கவனித்து, அவற்றை நிறுத்தவும் செய்தார். ஆனால் இணையப் பாதுகாப்பு அமைப்புக்குத் தகவல் போனது ஜூலை 10ஆம் தேதி. இடைப்பட்ட நாள்களில், மேலே சொல்லியிருக்க வேண்டிய ஒருவர் சொல்லவில்லை. ஏன் என்பது விசாரணையில் வெளிவந்தது. சொன்னால் என்ன கிடைக்கும், இன்னும் பல பேர் விவரம் கேட்டுத் துரத்துவார்கள், அவ்வளவுதானே என்று அவர் நினைத்திருக்கிறார்.

அந்தச் செய்தியைப் படித்தபோது எல்லாருக்கும் கோபம் வந்தது. எனக்கும் வந்தது. அடுத்த நாள் அலுவலகத்துக்குப் போனபோது கோபம் கொஞ்சம் தணிந்துவிட்டது. ஏனென்றால் அந்த நினைப்பு எந்த அலுவலகத்தில் இல்லை? ஒன்றைச் சொன்னால் அதற்கொரு படிவம், படிவத்துக்கொரு கூட்டம், கூட்டத்துக்கொரு விளக்கக் கடிதம். சொல்லாதவருக்கு அன்று மாலை ஆறு மணிக்கு வீடு. சொன்னவருக்கு ஒன்பது மணி. இப்படி நடத்திவிட்டு, ‘எங்கள் நிறுவனத்தில் எதையும் மனம்திறந்து சொல்லலாம்’ என்று மின்தூக்கி அருகே சுவரொட்டி ஒட்டுவதில் என்ன பயன்?

பின்னர் அந்தக் கணினிக் கட்டமைப்பைப் பார்த்துக்கொண்ட நிறுவனம் இருவரைப் பணிநீக்கம் செய்தது. தலைமை நிர்வாகி உட்பட மேல்மட்டத்தினர் சிலருக்கு அபராதம் விதித்தது. மூன்று ஊழியர்களுக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தது. அந்த மூவரைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசவில்லை. யாருக்கு வேலை போனது என்பதைப் பற்றித்தான் பேசினோம்.

தவறு நடந்தால் ஆளைத் தேடும் பழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு இன்னொரு கதை உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் சில, பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு ஓடுபாதையிலேயே வயிற்றால் தேய்த்துக்கொண்டு விழுந்தன. இறக்கைத் தகடுகளை மடக்க வேண்டிய விமானி, சக்கரங்களை மடக்கிவிட்டிருக்கிறார். விமானியின் தவறு என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். அல்ஃபோன்ஸ் சாப்பானிஸ் என்ற இளம் உளவியலாளர் விமானத்துக்குள் ஏறிப் பார்த்தார். இரண்டு கட்டுப்பாடுகளும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே வடிவத்தில் இருந்தன. வேறு சில விமானங்களில் அப்படி இல்லை. அந்த விமானங்களை ஓட்டியவர்களுக்கு இந்தத் ‘தவறு’ வரவும் இல்லை. அவர் சொன்ன தீர்வு, சக்கரத்துக்கான பிடியில் ஒரு சின்ன ரப்பர் சக்கரம், தகடுக்கான பிடியில் ஆப்பு போன்ற ஒரு துண்டு. இருட்டில் தொட்டாலே தெரிந்துவிடும். இன்றைக்கும் பயணிகள் விமானங்களின் விமானி அறையில், சக்கரத்தை இறக்கும் நெம்புகோலின் முனை சக்கர வடிவில்தான் இருக்கிறது.

நான் இந்தக் கதையைப் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் சொல்வதுண்டு. சொல்லும்போது ஒரு தயக்கமும் இருக்கும். இதைக் கேட்டுவிட்டு, எல்லாத் தவறுக்கும் ‘சிஸ்டம் சரியில்லை’ என்று கையை விரிக்கும் ஒருவர் எப்படியும் கிளம்புவார். எங்கள் துறையில் அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். ஒரே தவற்றை நான்காவது முறை செய்துவிட்டு, “பரவாயில்லக்கா, மனுஷங்கதானே” என்பார். அவரை எனக்குப் பிடிக்கும். ஆனால் அவருடைய கோப்பை நான் இரண்டு முறை பார்ப்பேன்.

எல்லா வேலையிலும் தவற்றுக்கு ஒரே எடை கிடையாது என்பதையும் மறக்கக்கூடாது. எங்கள் புளோக்கில் ஒரு தாதி இருக்கிறார். அவர் வார்டில் சில மருந்துகளை ஒருவர் எடுத்தால் இன்னொருவர் சரிபார்த்த பிறகுதான் கொடுப்பார்களாம். அவரிடம் போய், “வேலைதானே, மனசுல எடுத்துக்காதீங்க” என்று நான் சொல்ல முடியாது. அவர் மனத்தில் எடுத்துக்கொள்வதால்தான் நம் அப்பா அம்மாவை அங்கே விட்டுவிட்டு வருகிறோம். ஆனால் அவரைப் பற்றி நான் கவனித்த ஒன்று உண்டு. வேலையைப் பற்றிப் பேசும்போது, ‘நான் கெட்டிக்காரி’ என்றோ ‘நான் உதவாக்கரை’ என்றோ அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்றுதான் பேசுவார். பெரிய தவறுகள் நடக்கக்கூடிய வேலையில் இருப்பவர்கள் பலர் அப்படித்தான் பேசுகிறார்கள். பவர்பாயிண்ட் பக்கத்தில் எழுத்துப்பிழை வந்ததற்காகக் கழிவறைக்குப் போய் அழுபவர்கள் எங்களைப் போன்ற அலுவலகங்களில்தான் இருக்கிறார்கள்.

இந்த அழுகையை அலுவலகம் மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. தமிழ் வீடுகளில் 98 மதிப்பெண் வாங்கி வரும் பிள்ளையிடம் முதலில் கேட்கும் கேள்வி, “அந்த ரெண்டு மார்க் எங்க போச்சு?” அன்பாகத்தான் கேட்கிறோம். பெருமை முகத்தில் தெரியக்கூடாது என்பதற்காகவே பாதிப் பேர் கேட்கிறோம். பிள்ளைக்கு அது தெரியுமா? 2021 முதல் பிஎஸ்எல்இ தேர்வில் ஒரு பாடத்தில் 90 வாங்கினாலும் 99 வாங்கினாலும் முதல் தரநிலைதான். அந்த ஒன்பது மதிப்பெண்ணைக் கல்வி அமைச்சே கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து இன்னும் எடுத்தபாடில்லை. கணக்குத் தாளைப் பைக்குள் மடித்து மறைத்துவைத்த பிள்ளை, இருபது வருடம் கழித்து மின்னஞ்சலை வரைவிலேயே வைத்திருப்பதில் ஆச்சரியம் என்ன?

இவ்வளவு சொல்லும்போது, நான் எங்கே நின்றுகொண்டு சொல்கிறேன் என்பதும் எனக்குத் தெரியும். எனக்கு இங்கே வீடு இருக்கிறது, இளஞ்சிவப்பு அடையாள அட்டை இருக்கிறது. எங்கள் கீழ் மாடியில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த இளைஞர்கள் நான்கு பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசியபோது, “நீங்க சொல்றது சரிதான்க்கா. ஆனா உங்களுக்கு வேலை போனா வேலை மட்டும்தான் போகும்” என்றார். வேலை அனுமதி ரத்தானால் தங்குவதற்கு வழக்கமாகக் கிடைப்பது 30 நாள். அதற்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும், அல்லது விமானம் ஏற வேண்டும். ஊரில் தங்கை கல்யாணக் கடன் இருக்கிறது. அவர் தவற்றைப் பெரிதாக நினைக்கிறார் என்றால் அது கற்பனை இல்லை.

அவரிடம் தத்துவம் பேசாமல் சட்டம் பேசினேன். நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. சிங்கப்பூரின் வேலைவாய்ப்புச் சட்டம், ஊழியரின் கவனக்குறைவால் ஏற்படும் இழப்புக்கே ஓர் அளவு வைத்திருக்கிறது. அவர் பொறுப்பில் ஒப்படைத்த பொருளோ பணமோ அவர் தவற்றால் தொலைந்தால் அல்லது சேதமானால், அவர் தரப்பு விளக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் சம்பளத்தில் பிடிக்கலாம். அதுவும் ஒருமுறைதான், ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. “கிளையண்டுக்கு நஷ்டம், ஆறு மாசம் சம்பளத்தில் கழிப்போம்” என்று ஒரு மேலாளர் சத்தம் போட்டால், அவர் போடும் சத்தம் மட்டும்தான் பெரிது. காரணமில்லாமல் வேலையைவிட்டு நீக்கியதாக நினைத்தால், கடைசி வேலைநாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் சச்சரவு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியிடம் புகார் கொடுக்கலாம். 2019 ஏப்ரல் 1 முதல் மேலாளர்களும் நிபுணர்களும்கூட இந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். வேலை அனுமதியில் இருப்பவர்களும் உண்டு. வீட்டுப் பணியாளர்கள், கடலோடிகள், அரசாங்க ஊழியர்கள் மட்டும் இதில் வரமாட்டார்கள்.

அவர் கேட்டுக்கொண்டார். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்துக்கு ஓர் எண் கிடைத்தது. 25 விழுக்காடு. அவர் உடனே மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தது முகத்தில் தெரிந்தது.

அக்கா மகளின் அந்த வெள்ளிக்கிழமை வீட்டில் யாருக்கும் தெரியாது. குறிப்பாக அவள் அப்பாவுக்கு. என் அத்தான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒருநாள்கூடத் தாமதமாகப் போனதில்லை, ஒரு புகார்கூட வந்ததில்லை என்று அந்த வீட்டில் ஒரு புராணமே உண்டு. அதைக் கேட்டு வளர்ந்த பெண் அவள். இரண்டு மூன்று மாதம் கழித்து, தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தபோது அவளே வாய்தவறி உளறிவிட்டாள். சமையலறை அமைதியாகிவிட்டது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள், உனக்கு முன்னமே தெரியுமா என்று.

அத்தான் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே, “நான் ஒருதடவை பஸ்ஸையே தொலைச்சேன்” என்றார்.

தொண்ணூறுகளில் ஒருநாள், விடுப்பில் போனவருக்குப் பதிலாகப் பழக்கமில்லாத தடத்தில் ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள். திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் தீவு விரைவுச்சாலையில் ஏறிவிட்டார். ஏறினால் அடுத்த வெளிவழி வரை திரும்ப முடியாது. பின்னால் காலைநேரக் கூட்டம், பள்ளிப் பிள்ளைகள் வேறு. முதலில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குறுக்குவழி போல என்று நினைத்தார்களோ என்னவோ. கடைசியில் ஒரு சீனப் பாட்டி தட்டுத் தடுமாறி முன்னால் வந்து, “அங்கிள், எங்கே போறோம்?” என்று மலாயில் கேட்டிருக்கிறார்.

“என்னப்பா செஞ்சீங்க?”

“தெரியாம ஏறிட்டேன், அடுத்த எக்ஸிட்ல இறங்கிடுவேன்னு கத்திச் சொன்னேன். டிப்போவுக்குப் போனதும் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போதுதான் கை நடுங்குச்சு. ஓட்டும்போது நடுங்கல.”

“எங்ககிட்ட ஏன் சொல்லவே இல்ல?”

அவர் முறுக்கைத் திருப்பிப் போட்டார். அக்காதான் அந்த அமைதியைக் கலைத்தாள். முப்பது வருடம் குடும்பம் நடத்தியவளுக்கும் இது புதுச்செய்தி.

“அந்தப் பாட்டி நேரத்துக்குப் போய்ச் சேந்தாங்களா?” என்று கேட்டாள்.